தளபதிகள் எழுதிவிட்டார்கள், சிப்பாய்கள்?

தமிழில் போர் எழுத்து என்று பேச்செடுத்தாலே நம் இலக்கிய அன்பர்கள் புறநானூற்றுக்குப் போய்விடுகிறார்கள். விழுப்புண், நடுகல், மறக்குடி மகளிர் என்று ஒரு சுற்று முடிந்ததும் விவாதமும் முடிந்துவிடுகிறது. மறுபுறம், போரை எழுதுவதே போரைப் போற்றுவதுதான் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரு சாராரும் போரில் நின்ற மனிதனின் வாக்குமூலத்தைப் படிப்பதில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் பகுதியின் நடுகற்கள் புகழ்பெற்றவை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, விழுந்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர் ஆநிரைக்காக விழுந்தான் என்பதை அவை சில வரிகளில் சொல்கின்றன. ஒருவகையில் அவை போர்ச் செய்திகளே. அவனுக்குப் பயம் இருந்ததா, யாரைக் கொன்றான் என்பவை கல்லில் இல்லை. கல்லுக்கு அது வேலையும் அல்ல. ஆனால் காகிதமும் அச்சும் வந்தபின்னும் நாம் கல்லின் அளவோடு நின்றுவிட்டோம்.

கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தியாகதுருக்கம் கோட்டையை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதினார்கள். 1790-ல் திப்புவின் படை அதைத் தாக்கியது. அங்கே போரிட்ட ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அவர்களுக்குக் கீழே நின்ற சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சினார்கள். அக்காலத்துப் போர்களைத் தமிழில் நாள்தோறும் குறித்துவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் புதுச்சேரியின் துபாஷியாக இருந்து எழுதியவரே. சிப்பாயின் பக்கத்திலிருந்து அல்ல.

இது பழங்கதை அல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மடிந்தனர். அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவப் பணியாளர்களும் அப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். படைக்குத் தலைமை தாங்கிய ஹர்கிரத் சிங் 2007-ல் தம் நூலை வெளியிட்டார். தீபிந்தர் சிங், சர்தேஷ்பாண்டே ஆகியோரும் எழுதினார்கள். எல்லாம் தளபதிகளின் ஆங்கிலம். தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நுழைந்த தமிழ்ச் சிப்பாய் என்ன நினைத்தான்? அவன் எதைப் பார்த்தான், எதைச் செய்தான், எதைத் தடுக்க இயலாமல் நின்றான்? இக்கேள்விகளுக்கு நம் அலமாரியில் பதில் இல்லை.

ஈழத்தவர் இதில் நம்மைவிட முன்னால் நிற்கிறார்கள். மலரவனின் 'போர் உலா', 1990 மாங்குளம் முகாம் தாக்குதலுக்குப் போன பயணத்தை ஒரு போராளியே எழுதியது. இயக்கத்தின் நம்பிக்கைக்குள் நின்று எழுதப்பட்ட நூல்தான்; அதை மனத்தில் வைத்துப் படிக்கலாம். படித்தேயாக வேண்டும். தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் மறைந்தபின் 2016-ல் வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு, நம்பிக்கைக்கும் விசாரணைக்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

வெளியுலகிலிருந்து இரண்டைப் பரிந்துரைக்கிறோம். மைக்கேல் ஹெர் வியட்நாமில் படைவீரர்களோடு அலைந்து, அவர்களின் கொச்சையையும் நடுக்கத்தையும் பிடித்து 1977-ல் வெளியிட்ட 'டிஸ்பாட்ச்சஸ்' ஒன்று. ஆப்கானிஸ்தானிலிருந்து துத்தநாகப் பெட்டிகளில் திரும்பிய சோவியத் இளைஞர்களைப் பற்றி ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் எழுதியது மற்றொன்று. அந்நூலுக்காக அவர்மீது வழக்குத் தொடுத்தவர்களுள் இறந்த வீரனின் தாயும் உண்டு. உண்மையைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அவ்வழக்கே சான்று. போர் எழுத்து போரைப் போற்றும் என்பவர்கள் இவ்விரு நூல்களையும் படித்துவிட்டு வாதாட வரட்டும்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேரலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதிகபட்சம் நான்கில் ஒருவருக்கே பணி தொடரும். சங்கராபுரத்துச் சாலையிலோ சின்னசேலத்துச் சாலையிலோ விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி எடுக்கும் பையனுக்கு உடற்தகுதி விதிகள் மனப்பாடம். போர்க்களத்தில் மனம் என்னவாகும் என்று சொல்ல, அவன் மொழியில் அவனுக்கு ஒரு புத்தகம் இல்லை. சினிமா மட்டும் இருக்கிறது.

அமைதிப் படையில் இளைஞர்களாகப் போனவர்கள் இன்று அறுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். 1971 போரைக் கண்டவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவரவர் ஊரில் இவர்களைத் தேடி, வீரக்கதை கேட்காமல், இடைமறிக்காமல், சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வது இலக்கிய வாசகன் செய்யக்கூடிய வேலைதான். பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டியதில்லை. இன்னும் பத்தாண்டுகள் தாமதித்தால் நமக்கு மிஞ்சப்போவது பெயர் பொறித்த கல் மட்டுமே.