பாட்டிலில் வராத வழவழப்பு

காரை சர்வீஸுக்கு விட்டவருக்கு மதியம் 12 மணிவாக்கில் ஒரு போன் வரும். “சார், பிரேக் பேட் தேஞ்சிருக்கு, மாத்திடலாம். அப்புறம், 40,000 தாண்டிடுச்சு, ஒரு இன்ஜின் கோட்டிங் போட்டுடலாமா? ஃப்ரிக்‌ஷன் குறையும் சார், மைலேஜும் ஏறும்.” பிரேக் பேட் விலையை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொள்பவர்கூட, இதற்கு மட்டும் “சரி, போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சாயங்காலம் வரும் பில்லில் அது ஒரு வரி. இன்ஜினுக்குள் போனது ஒரு பாட்டில் திரவம்.

இதை வைத்து இன்ஜின் பூச்சு என்பதே புருடா என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் ஏதாவது ஒரு கடையில் புது பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். மேலே ரிங் உட்காரும் மூன்று பள்ளங்கள். அவற்றுக்குக் கீழே, ஸ்கர்ட் என்று சொல்லும் பக்கச் சுவரில், எதிரெதிராக இரண்டு கருப்புத் திட்டுகள். பென்சில் கிறுக்கியதுபோல மங்கலான பளபளப்பு. கிராஃபைட்டை, சில வகைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடையும், பிசினில் குழைத்து, துணியில் அச்சடிப்பதுபோல அச்சடித்து, சூடேற்றி இறுக வைத்த பூச்சு அது. கனம் 10, 20 மைக்ரான்தான். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. காசு கூடுதலாகக் கேட்காமல், பில்லில் பெயர் வராமல், பெரும்பாலான கார்களில் ஏற்கெனவே கோட்டிங் இருக்கிறது.

அது எதற்கு? நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் ஒரு வினாடியில் 100 முறை நின்று திரும்புகிறது. வேகமாக நழுவும்போது ஆயில் இடையில் புகுந்து இரண்டு உலோகத்தையும் பிரித்துவைக்கும். நின்று திரும்பும் கணத்தில் அந்த ஆயில் படலம் மெலிந்துபோய், உலோகம் உலோகத்தைத் தொடும். வேகம், சுமை, ஆயிலின் பிசுபிசுப்பு ஆகியவற்றைப் பொறுத்து உராய்வு எப்படி மாறுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-லேயே வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார். பூச்சுக்கு வேலை ஆயில் கைவிடும் அந்த நொடித்துணுக்கில்தான். மைலேஜுக்காக ஆயிலை 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெலிதாக்கிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், சிக்னலுக்குச் சிக்னல் அணைந்து எரியும் இன்ஜின்களில், அப்படிப்பட்ட கணங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

பாட்டிலுக்கு வருவோம். இத்தகைய திரவங்களில் நெடுநாள் பேர்போனது டெஃப்லான் என்கிற பி.டி.எஃப்.இ. தூள். எதனோடும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமையே. அதைத் தோசைக்கல்லில் ஒட்டவைக்க உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பூசி, 350 டிகிரிக்கு மேல் சுட வேண்டியிருக்கிறது. ஆயிலும் அழுக்கும் ஓடும், அந்தச் சூட்டில் பாதிகூட எட்டாத ஆயில் பாதையில் அது தானாகப் போய் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். அமெரிக்காவில் ‘ஸ்லிக் 50’ என்ற பெயரில் இப்படி விற்ற திரவத்தின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1996-ல் நடவடிக்கை எடுத்தது. மறு ஆண்டு, வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 1 கோடி டாலர் அளவுக்கு ஈடு தர நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

சரி, ஆலையில் முறையாகப் போட்ட பூச்சினால் எவ்வளவு மிச்சம்? பின்லாந்தின் கென்னத் ஹோம்பெர்க்கும், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பூச்சுகளிலேயே ஊறிய அலி எர்தெமிரும் சகாக்களும் 2012-ல் போட்ட கணக்கு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. காரின் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்லவே போகிறது. அதில் இன்ஜினுக்கு 35 சதவீதம், டயருக்கும் அதே 35, கியர் வகையறாவுக்கு 15, பிரேக்குக்கு 15. ஆக 100 லிட்டரில் இன்ஜினுக்குள் தேய்வது சுமார் 11.5 லிட்டர். அதிலும் பிஸ்டன் தொகுதி 45 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வால்வுகளை இயக்கும் பகுதிக்கு 15 சதவீதம்தான்.

அந்த 15 சதவீதத்தைக் குறிவைத்தது வைரம்போன்ற கரிமப் பூச்சு, சுருக்கமாக டி.எல்.சி. வெற்றிடக் கலத்துக்குள் கரிமத்தை அணு அணுவாகப் படியவைத்து, ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் எடுப்பார்கள். ஹைட்ரஜன் கலக்காத வகையை வால்வு லிஃப்டரில் பூசி, 2000-களின் பிற்பாதியில் நிஸ்ஸான் தன் வி6 இன்ஜின்களில் இறக்கியது. அருமையான வேலை. ஆனால் பாக்கெட் கணக்குக்கு வந்தால் சிரிப்பு வரும். வால்வு பகுதியின் உராய்வில் 40 சதவீதத்தை ஒழித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மொத்த எரிபொருளில் அது 0.7 சதவீதம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் காரை வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், வருஷ மிச்சம் 470 ரூபாய்க்குள். குடும்பத்தோடு ஒரு வேளை டிபன்.

இதே 0.7 சதவீதம் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் வேறு உருவம் எடுக்கிறது. ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரி கரியமில வாயு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். இந்தியாவிலும் 2022-23 முதல் கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராம் என்று வரம்பு இருக்கிறது. லிஃப்டரில் கொஞ்சம், பிஸ்டனில் கொஞ்சம், பேரிங்கில் கொஞ்சம் என்று சேர்த்து 2 சதவீதம் பிடித்தால் 2 கிராமுக்கு மேல் கையில் நிற்கும். பூச்சின் லாபம் முதலில் யாருக்கு என்பது இதிலேயே தெரிகிறது.

நஷ்டம் வரும்போது மட்டும் அது உரிமையாளரின் வாசலுக்கு வருகிறது. நிக்கலில் சிலிக்கன் கார்பைடைக் கலந்து சிலிண்டர் சுவரில் படியவைக்கும் நிகாசில் பூச்சை மாலே நிறுவனம் 1967-ல் உருவாக்கியது. பந்தயக் கார்களிலும் பைக்குகளிலும் நன்றாகவே உழைத்தது. 1990-களில் பி.எம்.டபிள்யூ.வும் ஜாகுவாரும் தங்கள் வி8 இன்ஜின்களில் அதைப் போட்டன. கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்ற நாடுகளில், பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓட்டி அணைத்த கார்களில், அமிலம் அந்த நிக்கலை அரித்தது. கம்ப்ரஷன் இறங்கி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வண்டிகள் நின்றன. பி.எம்.டபிள்யூ. இன்ஜின் பிளாக்குகளையே மாற்றித் தந்தது. ஜாகுவார் 2000-ல் இரும்பு லைனருக்குத் திரும்பியது. பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வகத்தில் அது பார்த்த பெட்ரோல் வேறு, தெருவில் குடித்த பெட்ரோல் வேறு. (2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து இந்தியப் பெட்ரோலில் கந்தகம் 10 பி.பி.எம்.தான் என்பதால் அந்த வில்லன் இங்கே இல்லை.)

ஆயில் இன்னொரு வில்லன். உராய்வைக் குறைக்க ஆயிலில் சேர்க்கும் ஒருவகை மாலிப்டினம் சேர்மம், இரும்போடு உரசும் சில டி.எல்.சி. பூச்சுகளை வேகமாகத் தேய்த்துவிடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நல்லது என்று நினைத்து ஊற்றுவதே உள்ளே இருக்கும் நல்லதைத் தின்னக்கூடும். அந்த சர்வீஸ் பாட்டிலைப் பார்த்துத் தயங்க இது ஒன்று போதும்.

லேத் பட்டறைக்காரர்களின் மனக்குறை வேறு. பழைய இரும்பு பிளாக் தேய்ந்தால் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னொரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டலாம். மெர்சிடிஸ் பாணியில், அலுமினிய பிளாக்கின் சுவரில் உருக்கித் தெளித்த இரும்புப் பூச்சின் கனமே 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். முதல் ஓவர்சைஸுக்குப் பக்கத்துக்கு 0.125 எடுத்தாலே பூச்சு சீவலோடு போய்விடும். நிகாசில் சிலிண்டர் கொண்ட கே.டி.எம். 390 வைத்திருக்கும் பையன்களிடமும் இதே காரணத்தால்தான் மெக்கானிக், “போர் அடிக்க முடியாது தம்பி, சிலிண்டரையே மாத்தணும்” என்கிறார்.

ஆனால் தெளிக்கும் இந்த வித்தையைத் திருப்பியும் போடலாம். பிளாஸ்மா துப்பாக்கியால் இரும்புக் கம்பியை உருக்கி சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையை 2011 மஸ்டாங் ஷெல்பி ஜிடி500-இல் இறக்கிய ஃபோர்டு, பிறகு அதே துப்பாக்கியைத் தேய்ந்துபோன பிளாக்குகளுக்குள் விட்டது. சுவரைச் சொரசொரப்பாக்கி, தெளித்து, ஹோனிங் கல்லால் தேய்த்து மெருகேற்றினால், எடைக்குப் போக வேண்டிய பிளாக் பழைய அளவுக்கே, பழைய பிஸ்டன் அளவுக்கே திரும்பி வருகிறது. 0.7 சதவீத மைலேஜைவிட இது பெரிய காரியம். தனி லேத் பட்டறை எதற்கும் அந்தத் துப்பாக்கியை வாங்குவது கட்டுப்படியாகாது. சிறுதொழில் பேட்டைகளில் அரசு மானியத்தோடு அமையும் பொது வசதி மையம் ஒன்றில் அதை வைக்கலாம். கடைசியில் செய்ய வேண்டிய ஹோனிங்குக்கான மெஷின் பல பட்டறைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.