டுபாய் சபாரி: விலைக்கு முன் மூன்று கேள்விகள்

டுபாய் பாலைவன சபாரிக்குப் பதிவு செய்யும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் முதலில் கேட்பது விலையைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று.

எந்த மாதம்? நவம்பர் முதல் மார்ச் வரை இதமான காலம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அக்காலத்து மலிவு விலைக்குக் காரணம் அதுவே.

யார் யார் போகிறீர்கள்? மணல்மேடுகளில் வாகனம் தூக்கிப் போடும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் முதுகு நோயாளருக்கும் அது ஆகாது. அவர்களை நேரே கூடாரத்துக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு உண்டா?

கட்டணத்தில் எவை அடங்கும்? குவாட் பைக் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்.

முகவர்களே, இவற்றை எழுத்தில் கொடுங்கள். மறைத்து விற்றால் ஒரு குடும்பத்தின் பணம் கிடைக்கும். சொல்லி விற்றால் அதன் உறவினரும் உங்களிடமே வருவர்.