ஸ்டியரிங்ல லேசா ஆட்டம், அதனால என்ன?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். உத்திரமேரூர்தாங்க, குடவோலை கல்வெட்டு ஊர். செங்கல்பட்டு ரோட்டுல அப்பா காரை ஓட்டிக்கிட்டு வர்றேன், எதிர்ல ஒரு ஜல்லி லாரி. ஒதுங்கலாம்னு ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா, கையில இருக்கற வீல் ரெண்டு விரக்கடை திரும்புது, வண்டி பாட்டுக்கு நேரா போகுது. அப்புறம்தான் 'டொக்'னு ஒரு சத்தத்தோட திரும்பிச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அப்பா கூலா, "அது ஆறு மாசமாவே அப்படித்தாம்பா. மெக்கானிக் பாத்துட்டு ஓட்டலாம்னு சொல்லிட்டாரு"ங்கறார்.

ஓட்டலாம். இந்த வார்த்தை மேலதான் எனக்குக் கோவம். பிரேக் பிடிக்கலைன்னா யாரும் ஓட்டலாம்னு சொல்றதில்லை. ஏசி வேலை செய்யலைன்னா அன்னைக்கே கடைக்கு ஓடறோம். ஸ்டியரிங் ஆட்டம் மட்டும் "பழகிடும்" லிஸ்ட்ல சேந்துடுது. அது கொஞ்சம் கொஞ்சமா வர்றதால, தினமும் ஓட்டறவருக்குத் தெரியவே தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டற என்னை மாதிரி ஆளுக்குத்தான் உறைக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 98-வது விதி. ஸ்டியரிங் வீல்ல 30 டிகிரிக்கு மேல ஆட்டம் இருக்கக்கூடாது, பால் ஜாயிண்ட்டுக்கெல்லாம் ரப்பர் மூடி இருக்கணும்னு போட்டிருக்கு. 38 செ.மீ. விட்டம் உள்ள வீல்ல 30 டிகிரின்னா விளிம்புல கிட்டத்தட்ட 10 செ.மீ.! பத்து சென்டிமீட்டர் சும்மா சுத்தற ஸ்டியரிங்கை வெச்சுக்கிட்டு ஜல்லி லாரிக்கு ஒதுங்கிப் பாருங்க, தெரியும். இங்கிலாந்துல வருஷாவருஷம் எடுக்கற எம்.ஓ.டி. சோதனையில, இதே அளவு வீலுக்கு, ரேக் அண்ட் பினியன் வண்டின்னா 13 மி.மீ.தான் எல்லை. அதுவும் வண்டிக்கு 3 வயசு ஆனதுமே அங்க சோதனை ஆரம்பம். நம்மூர்ல சொந்தக் காருக்கு 15 வருஷம் கழிச்சு ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. அதுவரைக்கும் அடியில குனிஞ்சு பாக்கச் சொல்லி யாரும் கேக்கப் போறதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல ஏரிக்குன்னு தனி வாரியம் வெச்சு, வருஷா வருஷம் ஆளை மாத்தி, கணக்கு காட்டாதவன் குடவோலையில நிக்கவே கூடாதுன்னு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. சரி, அந்தப் பெருமையை இன்னொரு நாள் பேசுவோம் :-)

ஞாயித்துக்கிழமை காலையில வாசல்லயே பாத்துட்டேன். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை மக்களே. இன்ஜினை நிறுத்திட்டு, ஸ்டியரிங் லாக் விடற அளவுக்கு சாவியைத் திருப்பி, அப்பாவை உள்ள உக்காந்து வீலை இடமும் வலமும் சின்னதா அசைக்கச் சொன்னேன். நான் முன் டயருக்குப் பின்னால கையை விட்டு டை ராடு எண்ட் மேல விரல் வெச்சேன். வலது பக்கம் அமைதி. இடது பக்கம் ஒவ்வொரு அசைவுக்கும் 'டிக் டிக்'னு விரல்ல இடிக்குது. ரப்பர் மூடி கிழிஞ்சு, உள்ள கிரீஸ் இருந்த இடத்துல செம்மண் சேறு. நம்ம ரோட்டுல மழைத் தண்ணியும் ஜல்லித் தூளும் அதுக்குள்ள போனா, அது ஜாயிண்ட்டா இருக்காது, அம்மிக்கல்தான்.

அடுத்து ஜாக்கி. மண் தரைன்னா அடியில பலகை போடுங்க, பின் சக்கரத்துக்குக் கல் வைங்க, ஸ்டெப்னியைக் கழட்டி பாடிக்கு அடியில தள்ளி வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழ தலையை விடவே விடாதீங்க. இந்த சோதனைக்கு உள்ள போகவே வேண்டாம், வெளியிலேருந்தே பண்ணலாம். ஸ்டியரிங்கை லாக் பண்ணிட்டு, தூக்கின டயரை கடிகாரத்துல 9, 3 இருக்கற இடத்துல பிடிச்சு வெடுக் வெடுக்னு அசைச்சா, ஆட்டம் டை ராடு பக்கம். 12, 6-ல பிடிச்சு ஆடினா வீல் பேரிங்கோ கீழ் பால் ஜாயிண்ட்டோ. எதுன்னு தெரியணும்னா, கதவுக்கு வெளியில நின்னே ஒருத்தர் பிரேக்கை அமுக்கட்டும். ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா ஜாயிண்ட்.

இதுல காமெடி, அப்பா இந்த ஆறு மாசத்துல ரெண்டு தடவை வீல் அலைன்மெண்ட் பண்ணியிருக்கார், வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு. ஆடற ஜாயிண்ட்டை வெச்சுக்கிட்டு அலைன்மெண்ட் பண்றது, ஆடற ஸ்டூல் மேல தராசை வெச்சு எடை போடற மாதிரி. ரெண்டு தடவையும் காசு போச்சு, இடது டயரும் உள்பக்கம் வழுக்கையாயிடுச்சு.

"புது வண்டி, எனக்கு இதெல்லாம் வேண்டாம்"ங்கறவங்களுக்கு: 2023 ஜூலையில மாருதி சுஸுகி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. காரணம், ஸ்டியரிங் டை ராடோட ஒரு பாகத்துல குறை இருக்கலாம், அபூர்வமா உடையலாம்கறது. 2021 ஜூலை 5-லேருந்து 2023 பிப்ரவரி 15 வரைக்கும் தயாரிச்ச வண்டிகள் அவை. அவங்களே சொல்லி, இலவசமா மாத்தித் தர்றேன்னதைப் பாராட்டணும். ஆனா கம்பெனி கடிதாசி போடறது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தேய்மானத்துக்கு யார் போடுவா?

மெக்கானிக்கைத் திட்டறது என் நோக்கம் இல்லை. "ஸ்டியரிங் ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா அவர் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ஓட்டலாம்னுதான் சொல்வார். "இடது டை ராடு எண்ட், ரப்பர் கிழிஞ்சிருக்கு, ஆடுது"ன்னு திங்கட்கிழமை போய் நின்னேன். ஒரு வார்த்தை பேசாம ஜாக்கியை எடுத்தார். முக்கால் மணி நேரம், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். வீட்டுலயே மாத்தலாம்னு சில பேர் சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் போகலை. காட்டர் பின்னை ஒழுங்கா போடலைன்னா என்ன ஆகும்னு நினைச்சாலே கை நடுங்குது. நமக்கு கண்டுபிடிக்கிறது மட்டும் போதும்.

ஓட்டிப் பாத்துட்டு அப்பா சொன்னது: "என்னடா, வண்டி ரொம்ப டைட்டா இருக்கு?"

டிஸ்கி: புது டை ராடு எண்ட் போட்டதும் கட்டாயம் அலைன்மெண்ட் பண்ணணும். ஆமா, மூணாவது தடவை. அப்பா இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்கார்.