சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

பழவேற்காடு ஏரியின் தென்கரைக் குப்பங்களில் வலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத இளைஞர்கள், காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய நிலக்கரியை அள்ளுவது, தேய்ந்த உருளையை மாற்றுவது என, நின்றிருக்கும் இயந்திரத்துக்குள் கையை விடுகிற வேலைகள் அங்கே உண்டு. அப்படி இறங்கும் ஒவ்வொருவருக்கும், இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட, சொந்தமாக ஒரு பூட்டும் அதன் ஒரே சாவியும் தரப்படுவதைத் தங்கள் துறை கட்டாயமாக்க வேண்டும்.

கன்வேயரின் பக்கவாட்டில் ஓடும் கயிற்றை இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஆனால் அந்தக் கயிறு கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் துண்டிக்கிறது. மோட்டாருக்கான மின்சாரம் சுவிட்ச் அறையில் தயாராக நிற்கிறது. அங்கே பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்டிவிட்டு, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே இறங்கலாம். அப்போதும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் எடை தொங்கிக்கொண்டிருக்கும். சாய்வில் சுமையோடு நின்ற பெல்ட் பின்னோக்கி வழுக்கலாம். அவற்றுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்துவதோடு ஆபத்து முடிவதில்லை என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் பாய்லர் விபத்து நடந்தபோது அந்த அலகு இயக்கத்தில் இல்லை. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். சிகிச்சை பலிக்காமல் மேலும் பலர் போனார்கள்.

சட்டம் இதை அறியாததல்ல. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வாசகம், தற்செயலாக ‘ஆன்’ நிலைக்குப் போய்விடக்கூடிய மின்துண்டிப்புச் சாதனத்தைப் பூட்டிவைக்க வழி இருக்க வேண்டும் என்றது. யாருடைய பூட்டு, சாவி யாரிடம் என்பதை அது சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை ஓட்டை அங்கேதான். அமெரிக்கா 1989இல் கொண்டுவந்த விதியில், கூட்டாக வேலை செய்தாலும் ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்ட வேண்டும். மாட்டியவரே கழற்ற வேண்டும்.

வேலைக்கு முன் எழுத்தில் அனுமதி தரும் பர்மிட் முறை ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். 1988 ஜூலை 6 அன்று வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையிலும் பர்மிட் இருந்தது. பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்ட பம்ப்பை இரவு ஷிப்ட்டினர் ஓட்டினார்கள். வால்வு பற்றிய தாள் அவர்களை எட்டவில்லை. 167 உயிர்கள் போயின. ஷிப்ட் மாறும்போது தாள் தவறலாம். பிரேக்கரில் தொங்கும் பூட்டைத் தாண்டி யாரும் மோட்டாரை ஓட்ட முடியாது. கான்ட்ராக்ட் ஆட்கள் தினம் மாறுகிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். முகம் தெரியாத ஆட்களை நம்பி உயிரை ஒப்படைக்க வேண்டியிருப்பதால்தான் பூட்டு தேவைப்படுகிறது. சாவியோடு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால்? இது நியாயமான கேள்வி. அவர் ஆலைக்குள் இல்லை என்பதைப் பொறுப்பதிகாரி நேரில் உறுதிசெய்து, பதிவு செய்து, அதன்பின் பூட்டை வெட்டலாம். மறுநாள் அவர் வேலையில் இறங்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். உற்பத்தி நேரம் வீணாகும் என்ற வாதத்துக்கு நெய்வேலியில் போன உயிர்களே பதில்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது புதிய ஒழுங்கும் அல்ல. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏரியின் பாடு முறையில், ஒருவர் முறை வந்த இடத்தில் இன்னொருவர் வலை கட்டுவதில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு வகுக்கும் விதிகளில், ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, அதன் சாவி அவரிடமே என்ற ஒரு வரியைச் சேருங்கள். தங்கள் ஆய்வாளர்கள் ஆலைக்கு வரும்போது அலுவலகத்தில் பர்மிட் புத்தகத்தைப் புரட்டுவதோடு நின்றுவிடாமல், பெல்ட்டுக்கு அடியில் குனிந்திருப்பவரிடம் போய், உன் சாவியைக் காட்டு என்று கேட்கட்டும்.