நான்கு தலைக்கு ஒரு முத்திரை

அச்சாகி முடிந்த அஞ்சல்தலையின் மேல் பிறகு அடிக்கப்படும் எழுத்தோ குறியோ மேலச்சு எனப்படும். அது விலையையே மாற்றினால் விலைமாற்று மேலச்சு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரலில் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து, லண்டன் காலனி அலுவலகத்தின் கீழ் வந்தன. புதுத் தலை அச்சாகி வரும்வரை பொறுக்க முடியாததால், அணாக் கணக்கிலிருந்த இந்தியத் தலைகள் மேலேயே கிரீடத்தையும் சென்ட் விலையையும் அடித்து அவ்வாண்டு செப்டம்பரில் விற்றார்கள்.

மலாக்காவின் மிக விசித்திரமான மேலச்சு ஜப்பானியர் காலத்தது. 1942 ஏப்ரலில், கைவசமிருந்த நீரிணைக் குடியேற்றத் தலைகள்மேல் இராணுவ நிர்வாகத்தின் முத்திரையைச் சிவப்பு மையில் கையால் குத்தினார்கள். முத்திரை பெரிது, ஒரு குத்து நான்கு தலைகளை மூடியது. ஆகவே ஒற்றைத் தலையில் அதன் கால் பங்குதான் கிடைக்கும். நான்கும் பிரியாமல் ஒட்டியிருக்கும் நாற்கட்டில்தான் முழு முத்திரையைப் பார்க்கலாம். கையால் குத்தியதைப் போலியாகச் செய்வது எளிது. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் புதியவர் இதற்குப் பணம் போடக் கூடாது.

அஞ்சலகத்தில் ஆண்டுக்கணக்கில் விற்பனையில் இருப்பது நிலை வெளியீடு. ஒரு நிகழ்வுக்காகக் குறுகிய காலம் விற்பது நினைவு வெளியீடு. மலாக்காவின் பெயரை அச்சிலேயே தாங்கிய முதல் தலைகள் 1948 டிசம்பரில் வந்த, பிரிட்டிஷ் அரச தம்பதியரின் வெள்ளி மணவிழா நினைவு வெளியீடு. அடுத்த ஆண்டு தொடங்கி வந்த நிலை வெளியீடுகளில் மற்ற மாநிலங்கள் பலவும் தத்தம் சுல்தானின் படத்தைப் போட்டன. சுல்தான் இல்லாத மலாக்காவுக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைதான் வாய்த்தது. 1960இல் அரச முகம் போய், மலாக்கா மரமும் சருகுமானும் வந்தன.

தாளுக்குள் பதிந்த குறி நீர்க்குறி. தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்தால் தெரியலாம். விளிம்புத் துளைகளை இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணுவது துளையளவு. இவற்றை அளவுகோலைக் கையில் எடுத்தபின் கற்றுக்கொள்ளலாம்.

மலாக்காவின் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் அறிய வேண்டியது முழு உறை, அதாவது தலையும் முத்திரைகளும் பிரியாமல் இருக்கும் கடித உறை. இந்தியாவின் சொந்த ஊரிலிருந்து வந்து, தோட்டத்தின் கிராணி (எழுத்தர்) ஆபீஸில் கைமாறிய பழைய கடிதங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கும். முன்புறம் இந்தியத் தலை. பின்புறம் ஜாசின், அலோர் காஜா போன்ற மலாக்கா ஊர்களின் அஞ்சலகத்தின் வருகை முத்திரை இருக்கலாம். தலையை மட்டும் கிழித்தெடுத்தால் கடிதம் வந்த வழியும் நாளும் தொலையும். எப்போதோ கிழிக்கப்பட்ட மூலைகளைத்தான் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அதிலும் ஊதா, சிவப்பு மை பட்டவற்றை விலக்கியே வைக்க வேண்டும்.