நான்காவது கேள்வி

உத்தியோக மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் குடும்பஸ்தர்களுக்கு இரவில் தூக்கம் இராது. சேலம் நகரத்திலேயே வீடு பார்ப்பதா, பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களை நாடி நாமக்கல் பக்கம் போவதா? வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் விசாரிக்க வேண்டியதுதான். நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு: அவ்வூரில் நம் குழந்தைகள் ஊராராக வளர்வார்களா, விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்களா?

1917-இல் சேலம் நகரசபைத் தலைவரான ராஜாஜிக்கு அந்நகரில் எந்த வசதிக்கும் குறைவில்லை. மனைவியை இழந்திருந்த அவர், 1925-இல் மகன் நரசிம்மனையும் மகள் லக்ஷ்மியையும் அழைத்துக்கொண்டு, திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் கூரை வீட்டில் குடியேறினார். மழை பொய்த்து வாடிய பூமி அது. அங்கே அவர் நிறுவிய காந்தி ஆசிரமம், நூல் நூற்ற ஏழைப் பெண்களுக்குக் கூலி கொடுத்தது. அக்குழந்தைகள் பட்டணத்து வசதிகளை இழந்தார்கள். அண்டை அயலாரின் பசியையும் உழைப்பையும் அன்றாடம் கண்டு வளர்ந்தார்கள்.

எல்லோரும் கூரை வீட்டுக்குப் போகவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வைத்தியர் அருகில் இருப்பது அவசியமே. ஆயினும், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை அத்தெருவில் நடந்து பாருங்கள். அண்டை வீட்டாரோடு நல்லது கெட்டதில் கலந்துகொள்ள உங்களுக்கு மனம் வருமானால், தயங்காமல் பால் காய்ச்சலாம்!