துப்பாக்கிக்கும் அளவு உண்டு

கதை எழுதுகிறவனுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டவன் அல்ல. ஆனால் என் நாவல் ஒன்றில் ஜமீன்தார் ஒருவரை, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ரவைத் துப்பாக்கியால் பறக்கும் கொக்கைக் குறிபார்க்க வைத்தேன். அந்தப் பாவத்துக்குப் போன வருஷம் இங்கிலாந்தில் பிராயச்சித்தம் கிடைத்தது.

யார்க்‌ஷயரில் டாக்டராக இருக்கும் என் கல்லூரித் தோழன் போலீஸாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு துப்பாக்கி வாங்கப் புறப்பட்டான். வருஷம் முழுவதும் தட்டு சுட வேண்டும். அக்டோபரில் பருவம் தொடங்கினால் ஃபெஸன்ட் பறவை வேட்டைக்கும் அதே துப்பாக்கி உதவ வேண்டும். வேட்டை என்பது நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு பழங்கதையாகிவிட்டது. தட்டு சுடுவது அப்படியல்ல. புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்வரை போய்ச் சுட்டுவிட்டு வந்திருக்கிறார். களிமண் தட்டு என்று பெயரே தவிர, அதில் களிமண் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும்தான்!

கடைக்காரர் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து வைத்தார். வெள்ளிபோல் மின்னிய அதன் பக்கங்களில் பறவைகளும் இலைக்கொடிகளும் செதுக்கியிருந்தன. தோழன் சொக்கிப் போனான். "நம்ம ஊர்க் கோயில் கதவு மாதிரி இருக்கிறது, பார்த்தாயா?" என்றான். கடைக்காரர் அவன் கையின் நீளத்தைப் பார்த்தாரா? கழுத்தைப் பார்த்தாரா? பர்ஸைப் பார்த்தார்.

இங்கேதான் எனக்குக் கோபம். இருநூறு ரூபாய்ச் சட்டைத் துணிக்குத் தையற்காரர் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிற மனிதன், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் துப்பாக்கிக்கு அளவே பார்ப்பதில்லை. ரைஃபிளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். ரவைத் துப்பாக்கிக்குப் பின்குறி இல்லை. சுடுகிறவனின் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் படிகிற இடத்தைப் பொறுத்தே கண் நிற்கும். கட்டையின் மேல்விளிம்பு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால், பதினாறு கஜத்துக்கு அப்பால் ரவை ஓர் அங்குலம் உயரப் போகும். தட்டோ 110 மில்லிமீட்டர் அகலம்தான்!

முதல் நாள் இருபத்தைந்து தட்டுகளில் ஏழு உடைந்தன. தோழனின் கன்ன எலும்பு சிவந்து வீங்கியது. "பழகினால் சரியாகிவிடும்" என்றான். செருப்புக் கடித்தால் காலைப் பழக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தட்டு தப்பினால் தட்டுக்கு நஷ்டமில்லை. நவம்பரில் அவன் சுட்ட பறவை ஒன்று கீழே விழவில்லை. ஒரு காலைத் தொங்கவிட்டபடி வேலிக்கு அப்பால் போய் மறைந்தது. நாய் தேடிற்று, கிடைக்கவில்லை. அந்த இரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் செதுக்கல் வேலையைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

சுடப் பழக்கும் கிழவர் ஒருவரிடம் அவனை இழுத்துப் போனேன். தோட்டா இல்லை என்று முதலில் திறந்து பார்த்துக்கொண்டார். "கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். இப்போது இரண்டு கண்களையும் திறங்கள். என்ன தெரிகிறது?" என்றார். தோழனுக்குக் குழலின் முதுகு தெரியவில்லை. பூட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது. கட்டை அவனுக்குத் தாழ்வு, நீளமும் அதிகம். இந்தச் சோதனைக்குக் கடையில் அரை நிமிஷம் பிடித்திருக்குமா?

கிழவரின் சொந்தத் துப்பாக்கியில் ஒரு பூ கிடையாது. கட்டையில் ஒட்டுப் போட்டிருந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு அதை ஆட்டிக் காட்டினார். கீலில் துளி அசைவில்லை. வேட்டைக்காரன் ஒரு பருவம் முழுவதும் வெடிக்கும் தோட்டாக்களைத் தட்டு சுடுகிறவன் ஒரே சனிக்கிழமையில் வெடித்துவிடுவான். மூன்று கிலோவுக்கும் குறைந்த மென்மையான துப்பாக்கி அந்த உதையை எத்தனை வருஷம் தாங்கும்? அவன் தோள்தான் தாங்குமா? மூன்றரைக் கிலோ இருக்கட்டும். காட்டில் சுமக்கக் கொஞ்சம் கை வலிக்கட்டும். தேய்ந்த உறுப்புக்கு மாற்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்கட்டும். செதுக்கிய கொடி ஒரு கீலைக்கூடத் தாங்கிப் பிடிக்காது.

தோழன் கட்டையை வெட்டி உயர்த்தக் கொடுத்திருக்கிறான். வெள்ளிப் பறவைகளை விட அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை. நான் என் ஜமீன்தாரின் இன்னொரு கண்ணைப் புதிய பதிப்பில் திறந்துவிட்டேன். அந்தக் கொக்கை என்ன செய்வதென்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.